கழுத்தே கோர்வை

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை வாங்க வரும் விவரம் தெரிந்தவர்கள் புட்டாவின் அழகில் மயங்கிவிடமாட்டார்கள். உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் நெருடிப் பார்ப்பார்கள். டிராக் பந்தய ஓட்டுநரைத் தடத்துக்கு அனுப்பும் நாமும் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான். மேலே ஹெல்மெட், கீழே பெல்ட், நடுவே கழுத்து.

கார் தடுப்பில் மோதும்போது பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்கிறது. தலைக்கு அந்தப் பிடிப்பு இல்லை. ஹெல்மெட்டின் எடையோடு அது முன்னே பாய, இழுப்பு முழுவதும் கழுத்தில் இறங்கி, மண்டையோட்டின் அடிப்பகுதி முறியலாம். ஹெல்மெட் உடையாமலே உயிர் போய்விடலாம்.

இதற்கான தீர்வு 1980களிலேயே வந்துவிட்டது. பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் உருவாக்கிய ‘ஹான்ஸ்’ காலரைத் தோள்பெல்ட் அழுத்திப் பிடிக்கும். காலரின் பட்டைகள் ஹெல்மெட்டைப் பிடிக்கும். ஆனால் 2001 பிப்ரவரியில் டேடோனா கார் பந்தயத்தில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகு, அந்த அக்டோபரில்தான் அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் இத்தகைய சாதனத்தைக் கட்டாயமாக்கியது. 2007இல் டிராக் ஓட்டுநர் எரிக் மெட்லன் இறந்தது வேறு பாடம். டயரின் கடும் அதிர்வில் அவர் தலை பக்கவாட்டில் ரோல்கேஜில் திரும்பத் திரும்ப மோதியது. கழுத்தைக் கட்டினால் மட்டும் போதாது, தலையைச் சுற்றிய கம்பிகளுக்குத் தரமான மெத்தையும் வேண்டும்.

பைக்கில் பெல்ட் இல்லை. ஹான்ஸுக்கும் வேலை இல்லை. அங்கே தாடைப்பட்டைதான் உயிர்ப்பிடி. 2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டையில் 13 வயதுச் சிறுவன் பைக் பந்தயத்தில் விழுந்து, தலைக்காயத்தால் இறந்தான். அது டிராக் பந்தயம் அல்ல. ஆனாலும் தேசிய டிராக் போட்டிகள் நடக்கும் அதே வளாகம் அது. அந்த இழப்பை நாம் கடந்துபோய்விட முடியாது.

எனவே சோதனை மேசையில் நிற்கும் தோழர்களுக்குச் சில வேண்டுகோள்கள். முத்திரையைப் பார்த்ததோடு ஹெல்மெட்டைத் திருப்பித் தராதீர்கள். தலையில் மாட்டச் சொல்லி, பட்டையை இறுக்கி, பின்புறத்திலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த ஹெல்மெட் அவருக்கு ஆகாது. நண்பரிடம் வாங்கிய இரவல் ஹெல்மெட்டில் இதை இரண்டு முறை செய்யுங்கள். கார் ஓட்டுநருக்கு ஸ்னெல் ‘எஸ்.ஏ.’ முத்திரை வேண்டும். ‘எம்’ முத்திரை பைக்குக்கானது, அதற்குத் தீச்சோதனை கிடையாது. பஞ்சுக் காலர் ஹான்ஸுக்கு மாற்றாகாது. தோள்பெல்ட் தளர்ந்திருந்தால் விலையுயர்ந்த ஹான்ஸும் வெறும் சுமைதான். எஸ்.எஃப்.ஐ. 38.1 முத்திரையுள்ள சாதனத்தை 5 ஆண்டுக்கொருமுறை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும், தேதியைப் படியுங்கள்.

டியூனர்களே, இன்ஜினில் அரை விநாடி குறைக்கச் செலவழிக்கும் முன் ஓட்டுநரின் கழுத்துக்குச் செலவழியுங்கள். விதிப்புத்தகம் கேட்பது குறைந்தபட்சம்; அதற்குமேல் செய்ய யாரும் நம்மைத் தடுக்கவில்லை. திருப்தி இல்லையென்றால் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர் அடுத்த சுற்றுக்குத் திரும்பி வருவார்.