வகுப்பறையில் ஒரு வசைச்சொல்

வன்னிப் பகுதியைச் சேர்ந்த தாயொருவர் அண்மையில் எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். தரம் 3இல் பயிலும் அவருடைய மகன் பத்து நாட்களாகப் பாடசாலைக்குச் செல்ல மறுக்கின்றான். விடிந்ததும் வயிற்றுவலி என்பான். பாடசாலை மணி அடித்து அரை மணி நேரம் கழிந்ததும் வலி அகன்றுவிடும். காரணத்தைத் துருவிக் கேட்டபோது, வகுப்பிலுள்ளோர் தன்னைத் "தோட்டக்காட்டான்" என்று அழைக்கின்றனர் எனக் கூறி அழுதானாம். அச்சொல்லை இப்பத்தியில் ஒருமுறை அச்சிட நேர்ந்தமைக்கு வருந்துகின்றோம், மறுமுறை அச்சிடோம். "இதுக்கு வழக்குப் போட ஏலுமா, ஐயா?" என்பதே அத்தாயின் வினா.

நடந்தது மிகச் சிறிய விடயம். "டீச்சர் எங்கம்மாகூடப் பேசினாங்க" என்று அப்பையன் வகுப்பில் கூறியிருக்கின்றான். வடபுலத்துப் பேச்சு வழக்கில் உரையாடுவதைக் கதைத்தல் என்பர். பேசுதல் என்றால் ஏசுதல். மலையக வழக்கிலோ பேசுதல் என்பது பேசுதலே. ஆகவே வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களுள் ஒருவன், தன் வீட்டில் கேட்டிருந்த சொல்லை எடுத்து வீசினான், அது ஒட்டிக்கொண்டது. பையனுடைய பாடநூலைப் புரட்டிப் பார்ப்பவர், அவன் கூறிய பொருளிலேயே அச்சொல் அங்கு ஆளப்பட்டிருப்பதைக் காண்பார் என்பது வேறு கதை.

வழக்கு இல்லை என்றே அத்தாய்க்குக் கூறினோம். 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பின்னர், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை செய்யும் எதுவும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகாது. அஃது நியாயமான சட்டம். எட்டு வயதுப் பாலகனை நீதவான் முன்னிலையில் நிறுத்தி எவரும் அன்பு கற்பித்துவிட முடியாது. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை, பிறப்பிடம் காரணமாக எந்தப் பிரசைக்கும் ஓரங்கட்டல் கூடாதென்கின்றது. பாடசாலையின் ஆசிரியரோ அதிபரோ இப்பேதம் காட்டினால், ஒரு மாத காலத்துள் உயர் நீதிமன்றத்தை நாட வழியுண்டு. ஆனால் இப்பையனுடைய பிறப்பிடம் எது? அவன் பிறந்ததும் வன்னியில். அவனுடைய தந்தை பிறந்ததும் வன்னியில். பாட்டனார்தாம் 1977ஆம் ஆண்டின் இனக்கலவரத்தில் உடுத்த துணியோடு மலைநாட்டிலிருந்து தப்பி வந்தவர். தேயிலைச் செடியைக் கண்ணாலும் கண்டிராத குழந்தைக்குத் தோட்டத்தின் பெயரால் பட்டம் சூட்டுகின்றோம்!

"சூட்டுகின்றோம்" என்று நாம் எழுதியது கைதவறி அன்று. எட்டு வயதுப் பிள்ளை இச்சொல்லைத் தானாக ஆக்கிக்கொள்ளவில்லை. திண்ணையிலும் சந்தையிலும், கூலிக்கு ஆள் பிடிக்கும் வேளையிலும், கல்யாணப் பேச்சிலும் பெரியோர் சொல்வதையே அது திருப்பிச் சொல்கின்றது. 1920களின் இறுதியில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமர வேண்டுமென்ற கட்டளை பிறந்ததும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாடசாலைகள் தீக்கிரையாயின. தீ வைத்தவர்கள் பிள்ளைகளா? ஒரே வாங்கில் அடுத்தடுத்து அமர்வதற்குப் பிள்ளைகள் என்றும் மறுப்புக் கூறியதில்லை.

இன்னொன்றையும் எமது அரசியல் நண்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. அவ்வநீதியை எதிர்த்தெழுந்த பிளவே, தந்தை செல்வா 1949ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தமைக்கு முக்கிய காரணம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை, எஞ்சியோர் பலர் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்துக் கிடந்தனர். வன்னியிற் குடியேறியோர் அம்மண்ணின் காட்டை வெட்டிக் கழனியாக்கினர். 2009 வரை நீடித்த போரில் ஏனையோருடன் சேர்ந்து அவர்களும் மாண்டனர். பிணக்குழியில் பேதம் பாராத நாம், இடாப்பு வாசிக்கும் அறையில் பார்ப்பதா? கொழும்பை நோக்கிச் சமத்துவம் கேட்கும் வாயால் அயல்வீட்டானை இழித்துரைத்தால், எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கேட்கவேண்டிய குறுக்குக் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

அத்தாய்க்கு நாம் கூறியவற்றை இங்கு எழுதுவது, இதே துயரத்தில் இருக்கும் ஏனைய பெற்றாருக்கும் உதவும் என்பதால். "நீ என்ன செய்தாய்?" என்று பிள்ளையை முதலிற் கேளாதீர்கள், குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டதாக அது எண்ணும். "சும்மா பகிடிதானே, விடு" என்பதும் தவறு. அதற்குப் பின்னர் அப்பிள்ளை எதையும் வீட்டில் சொல்லாது. திருப்பி அடி என்று ஏவாதீர்கள். பாட்டனாரின் ஊரை மறைக்கவும், வீட்டு மொழியை மாற்றவும் கற்றுக்கொடுப்பது இவை எல்லாவற்றிலும் கொடியது. பட்டம் சூட்டியவன் சொன்னது மெய்யென்று பெற்றோரே தீர்ப்பளித்ததாகிவிடும். எந்த நாள், எந்த இடம், எவர் சொன்னார், எவர் அருகில் நின்றார் என்பதை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றப் பிள்ளையின் வீட்டு வாசலுக்குச் சண்டைக்குப் போகாமல், முதலில் வகுப்பாசிரியரிடம் செல்லுங்கள். பயனில்லையேல் அதிபருக்குத் திகதியிட்டு எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள். அதன் பின்னர் வலயக் கல்விப் பணிமனை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு.

ஆயினும் இவ்விடயத்தில் முதல் நீதிமன்றம் வகுப்பாசிரியரே. பட்டம் சொன்னவனையும் கேட்டவனையும் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் செய்தால், அன்று இடைவேளையிலேயே அப்பட்டம் இரட்டிப்பாகும். சொன்னவன் ஒருவன், சிரித்தவர் முப்பது பேர். சிரிப்பு நின்றால் சொல்லும் நின்றுவிடும் என்பது அனுபவமுள்ள ஆசிரியர் அறிந்ததே. நல்ல மனமுள்ள ஒரு மாணவனை அப்பிள்ளையின் பக்கத்து வாங்கில் அமர்த்துவதும், இருவருக்கும் சேர்த்து ஒரு வேலை கொடுப்பதும், ஒரே பொருளுக்கு ஊர்தோறும் வழங்கும் தமிழ்ச் சொற்களை ஒரு பாடவேளையில் பிள்ளைகளைக் கொண்டே கரும்பலகையில் எழுதச் செய்வதும் பணச் செலவில்லாத காரியங்கள். தாமே பட்டப்பெயர் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைக்கும் ஆசிரியர் சிலரும் உளர். அவர்களைப் பற்றி அதிபர்களுக்கும் ஆசிரியர் சங்கங்களுக்கும் தெரியும், தெரிந்தும் வாளாவிருக்கின்றனர்.

வடக்கில் வாக்குக் கேட்கும் கட்சிகள் அனைத்தும் தத்தம் கிளைகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பவேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் இவ்விடயம் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறல் வேண்டும். எமது தொண்டர் எவராயினும் இவ்வசைச்சொல்லை மேடையிலோ தேநீர்க்கடையிலோ உச்சரித்தால், அவரைக் கிளை விசாரிக்கவேண்டும். இதற்குப் பாராளுமன்றத்தில் பெரும்பான்மை தேவையில்லை; கொழும்பின் அனுமதியும் தேவையில்லை.

அத்தாய் கொப்பியில் நான்கு வரி எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை காலை வகுப்பாசிரியையைச் சந்திப்பதாகக் கூறிச் சென்றார். பையனையும் கூட்டிச் செல்வாராம்.