ஒரே வீட்டில் இரண்டு வேகம்

மாதந்தோறும் இருநூறு மெகாபிட் வேகத்துக்குப் பணம் கட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊஞ்சலில் சாய்ந்து ஒரு திரைப்படம் பார்க்க முற்படுகிற குடும்பஸ்தர், படம் நகராமல் திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கக் கண்டால், முதல் காரியமாக இணைப்புக் கொடுத்த நிறுவனத்தை வைகிறார். அடுத்தபடியாக ரூட்டரின் ஸ்விட்சை அணைத்துப் போடுகிறார். அதற்கும் பலனில்லாமல் திரும்பி வரும்போது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மகளின் கைபேசியில் அதே படம் தங்குதடையின்றி ஓடுவதைப் பார்த்து, இது என்ன அநியாயம் என்று திகைத்து நிற்கிறார். இந்தத் திகைப்பில்தான் விஷயமே ஆரம்பமாகிறது என்பது என் அபிப்பிராயம். ஒரே கூரையின் கீழ், ஒரே பெட்டியிலிருந்து, ஒரே சமயத்தில், ஒரு கைபேசிக்கு வேகமும் மற்றொன்றுக்கு மந்தமும் கிட்டுமானால், தெருக்கம்பத்திலிருந்து வரும் கம்பியின் மேல் பழி போடுவதற்கு அநேகமாக நியாயம் இல்லை.

ஆனாலும் புகார் கொடுக்கிறோம். ஒரு பிள்ளையாண்டான் வருகிறான். ரேழியில் மீட்டர் பெட்டிக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கும் ரூட்டருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு, தன்னுடைய புதுக் கைபேசியில் ஸ்பீடு டெஸ்ட் போட்டு, முள் இருநூறைத் தொட்டதும், "சார், நீங்களே பாருங்க, ஃபுல் ஸ்பீடு வருது. எங்க சைடுல ப்ராப்ளம் இல்ல. ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லிடுங்க" என்கிறான். ஓ.டி.பி.யைச் சொன்ன கணத்தில் புகார் தீர்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. அவன் சொன்னதில் பொய் கிடையாது. அவனுடைய கைபேசியில், அவன் நின்ற ஸ்தானத்தில், வேகம் வாஸ்தவமாகவே வந்தது. குடும்பஸ்தரின் கைபேசியில், அவருடைய ஊஞ்சலில், ஏன் வரவில்லை என்பதைப் பற்றித்தான் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

கம்பியில் வந்து சேரும் வேகம் ஒன்று; பெட்டிக்கும் கைபேசிக்கும் இடையே ஆகாயத்தில் நடக்கும் சம்பாஷணையின் வேகம் வேறொன்று. வைஃபையில் சேரும்போதே, தனக்கு எத்தனை ஆன்டெனா, தான் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது, எவ்வளவு அகலமான அலைவரிசையைக் கையாள முடியும் என்பதையெல்லாம் கைபேசி பெட்டியிடம் தெரிவித்துவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்ததில் உயர்ந்தது எதுவோ அதுவே உச்சவரம்பாக, அதற்குள் தூரத்துக்கும் இரைச்சலுக்கும் தக்கபடி கணத்துக்குக் கணம் ஏற்றியும் இறக்கியும் அவை பேசிக்கொள்கின்றன. இந்த ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்க்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில், இணைந்திருக்கும் வைஃபையின் பெயரைத் தொட்டால் விரிகிற பக்கத்தில், அலைவரிசை 2.4 ஜிகாஹெர்ட்ஸா, 5 ஜிகாஹெர்ட்ஸா என்பதும், இணைப்பு வேகம் என்ற பெயரில் ஓர் எண்ணும் இருக்கும். நம் குடும்பஸ்தரின் பழைய கைபேசியில் அந்த எண் 72. மகளுடையதில் 866.

72 என்பது தற்செயலான எண் அன்று. ஒற்றை ஆன்டெனாவுடன், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 2009-இல் வகுக்கப்பட்ட முறைப்படி பேசுகிற கைபேசிக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு அது; பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாலும் அதற்கு மேல் ஒரு படி ஏறாது. அந்த 72-உம் முழுமையாகக் கைக்கு வருவதில்லை. வைஃபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்திறக்கலாகாது. ஒவ்வொரு துணுக்குக்கும் 'கிடைத்தது' என்ற பதில் வரவேண்டும். அடுத்தவர் பேசுகிறாரா என்று காதுகொடுத்துக் காத்திருக்கவும் வேண்டும். இந்த மரியாதைகளுக்கெல்லாம் நேரம் போக, மிஞ்சுவது ஏறக்குறைய நாற்பது. அதே ஒற்றை ஆன்டெனா, 5 ஜிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசத் தெரிந்திருந்தால் 433. இரண்டு ஆன்டெனா இருந்தால் 866. பெட்டியின் இரண்டு பெயர்களுள் ஒன்று '5ஜி' என்று முடிவதைப் பார்த்து, "என்னுது 4ஜி போனாச்சே" என்று அதைத் தொடாமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு; செல்போன் கோபுரத்தின் ஐந்தாம் தலைமுறைக்கும் இந்த ஐந்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கைபேசி காட்டும் இணைப்பு வேகம் எப்பொழுதும் 54-ஐத் தாண்டாமல் நிற்குமானால், பெட்டியில் டி.கே.ஐ.பி. என்ற பழைய பாதுகாப்பு முறை பிடிவாதமாக வீற்றிருக்கிறதா என்று பார்த்து, ஏ.இ.எஸ்.ஸுக்கு மாற்றுவது உத்தமம்.

இனி, அப்பாவின் கைபேசி மந்தமாக இருப்பதால் மகளுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் நஷ்டம் உண்டு. வைஃபை எல்லோருக்கும் சமமாக முறை கொடுக்கிறது, ஆனால் முறைக்கு இவ்வளவு நேரம் என்று அளந்து கொடுப்பதில்லை. ஆகவே கடைசி இலையில் உட்கார்ந்து அப்பளத்தை நிதானமாக நொறுக்கும் ஒருவருக்காக அடுத்த பந்தி முழுவதும் வாசலில் நிற்பதுபோல, ஒரு கைபேசி மெதுவாகப் பேசி முடிக்கும்வரை மற்றதெல்லாம் காத்திருக்க நேர்கிறது. ஒரே ஒரு மந்தமான சாதனம் ஏனையோரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும் என்பதை 2003-ஆம் ஆண்டிலேயே பிரான்சின் கிரனோபிள் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அளந்து கொடுக்கும் வசதி புதிய பெட்டிகள் சிலவற்றில் உண்டு. பழையவற்றில் அதை எதிர்பார்க்கலாகாது.

கும்பகோணத்தில் என் மைத்துனர் வீடு, ரேழி, கூடம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று ஒரே கோட்டில் நீண்டு செல்லும் பழைய அமைப்பு. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். ரேழியில் பிறந்த சிக்னல் இரண்டாங்கட்டை எட்டுவதற்குள் உயிர் போய்விடுவதால், அவர் ஓர் ஆளை வைத்து ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்து, மாடியில் இன்னொரு வைஃபைப் பெட்டியை வைத்தார். "அத்திம்பேர், இருநூறுக்குப் பணம் கட்டறேன், மாடியில தொண்ணூத்திநாலுக்கு மேல ஒரு நாளும் வரமாட்டேங்கறது. கீழே மட்டும் வரது" என்று முறையிட்டார். வைஃபையின் சுபாவமே நிலையாமை. ஒரு தடவை 130, கதவைச் சாத்தினால் 90, யாராவது குறுக்கே போனால் 110 என்று அலைபாய்வதுதான் அதற்கு அழகு. எத்தனை தடவை சோதித்தாலும் 94-லேயே வந்து நிற்கிறதென்றால், அந்த எண் காற்றிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. கம்பியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கேபிளுக்குள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. ஆயிரம் மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நூறுக்கு நான்கு போதும். நூறுக்கு வேண்டாத மற்ற நான்கில் ஒன்று அறுந்தால்கூட, இரு முனைகளிலும் உள்ள சாதனங்கள் யாரிடமும் சொல்லாமல் நூறுக்கு இறங்கி வேலையைத் தொடர்ந்துவிடுகின்றன. அந்த நூறில் நம் கைக்கு வருவது இந்த 94. ஜன்னல் கதவு தினமும் சாத்தப்பட்டு நசுக்கிய இடத்தில், கேபிளின் நீல உறை வெளுத்துத் தட்டையாகிக் கிடந்தது. சட்டத்தில் துளைபோட்டுப் புதுக் கேபிளைச் செலுத்தியதும் மாடியிலும் எண் ஏறிற்று.

அதோடு விவகாரம் தீர்ந்துவிடவில்லை. கூடத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர் கைபேசியோடு மாடிக்குப் போனால், தலைக்கு மேலே புதுப் பெட்டி விளக்கெரிந்து நிற்க, கைபேசி என்னவோ ரேழிப் பெட்டியின் தேய்ந்துபோன சிக்னலையே பிடித்துக்கொண்டு தொங்கிற்று. எந்தப் பெட்டியோடு சேர்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கைபேசிக்கே உரியது. பெட்டி வேண்டுமானால் யோசனை சொல்லலாம். ஐபோன்கள், சிக்னல் மைனஸ் 70 டெசிபல்-மில்லிவாட் என்ற அளவுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வேறு பெட்டியைத் தேடத் தொடங்கும் என்று ஆப்பிள் நிறுவனமே குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. மற்றவர்களின் கைபேசிகளுக்கு அவரவர் போக்கு. சில முன்னதாகவே விட்டுவிடும், சில விடவே விடா. இதற்கு உபாயம், கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றினாலும், ரேழிப் பெட்டியின் சக்தியைக் குறைப்பதுதான்; குறைத்தால் கைபேசி சீக்கிரம் மனம் மாறும். இரண்டு பெட்டிகளுக்கும் அதிக சக்தியைக் கொடுத்துவிட்டு, ஏன் மாறமாட்டேன் என்கிறது என்று வருந்துவதில் பிரயோஜனமில்லை. கேபிள் இழுக்கச் சோம்பி, சுவர் பிளக்கில் செருகும் ரிப்பீட்டரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மலிவான ரிப்பீட்டர், கேட்பதையும் திருப்பிச் சொல்வதையும் ஒரே வாயால் செய்கிறபடியால், கிடைத்த வேகத்தில் ஏறத்தாழப் பாதியை அதுவே தின்றுவிடும்.

சுவரைக் கடப்பதில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5-ஐக் காட்டிலும் வல்லமை உடையது. ஆனால் அங்கே கூட்டம் தாங்காது. நம் தேசத்தில் 2005-இல் அந்த வரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அரசு விதி செய்தது முதல், அக்கம்பக்கத்து வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அங்கேதான் குடியிருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று படாத சானல்கள் என்று பார்த்தால் 1, 6, 11 ஆகிய மூன்றுதான் தேறும். ப்ளூடூத் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, அதே கைபேசியை 2.4-இல் வைத்துப் படம் பார்க்கிறவர், ஒரே வரிசையை இரண்டு காரியங்களுக்குப் பங்கிட்டுவிட்டு வேகம் போதவில்லை என்கிறார். சுவரில் பட்டும் பீரோவில் பட்டும் திரும்புகிற அலைகளின் எதிரொலியைச் சமாளித்த பெருமையில் ஒரு பங்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஜான் ஓ'சல்லிவன் குழுவினரைச் சாரும். வானத்தில் வெடித்துச் சிதறும் சிறு கருந்துளைகளின் சமிக்ஞையைத் தேடியபோது அவர்கள் வளர்த்த கணித யுக்தி, அந்தக் கருந்துளைகளைக் கண்டுபிடிக்கவில்லை. 1990-களில் கம்பியில்லா வலையமைப்புக்கு உதவிற்று. அவர்களாலும் இரும்பு பீரோவை ஊடுருவ முடியாது; பெட்டிக்கு முன்னால் அதை நிறுத்தாமலிருப்பது நம் பொறுப்பு.

கம்பி மேலேயே குற்றம் இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. அதை நிச்சயிக்க, இரவு ஒன்பது மணி சுமாருக்கு, ஒரு லேப்டாப்பைக் கேபிளால் நேரே ரூட்டரில் செருகிப் பார்க்கவேண்டும். அப்பொழுதும் வேகம் குறைந்தால் நிறுவனத்தை வைவதற்குத் தடையில்லை. குறையவில்லையென்றால், இருநூறு போதாது, ஐந்நூறுக்கு மாறிக்கொள்கிறேன் என்று திட்டத்தை உயர்த்துவது வீண் செலவு. 72 என்று ஒப்பந்தம் செய்துகொண்ட கைபேசிக்கு இருநூறும் ஐந்நூறும் ஒன்றே. உயர்தரப் படம் ஓடுவதற்கு ஐந்து மெகாபிட் இடையறாமல் வந்தால் போதும். ஊஞ்சலை இரண்டடி நகர்த்தி, பழைய கைபேசியை நெரிசலற்ற ஒரு சானலுக்குக் கொண்டுவந்து, மகளுடையதை 5 ஜிகாஹெர்ட்ஸில் தனியே விட்டால், அந்த ஐந்து தாராளமாக வரும். மைத்துனர் வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறோம். இதற்கிடையில் ஐந்நூறு திட்டத்தை விற்க மாதம் ஒருமுறை போன் வருகிறது. மைத்துனி எடுத்து, "அவர் பூஜையில இருக்கார்" என்று வைத்துவிடுகிறாள்.