மருந்தை எடுக்குமுன் செடியைப் பாருங்கள்

அம்பாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே சில குடும்பங்கள் பாத்தி கட்டியிருக்கின்றன. சாவிக்கீரை, கத்தரி, வெண்டை. இலையில் ஓட்டை விழுந்தால் போதும், எல்லாச் செடிக்கும் ஒரே மருந்துப் பாட்டில். எந்தப் பூச்சி என்று கேட்பாரில்லை. இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும்.

சாவி இலையில் பொட்டுப் பொட்டாகத் துளை இருந்தால், பெரும்பாலும் தெள்ளு வண்டுதான். வெயில் ஏறுமுன் குனிந்து பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் உடம்பு, கறுப்பு முதுகில் நெளிந்த இரண்டு மஞ்சள் கோடுகள், பருத்த பின்னந்தொடை. விரலைக் கிட்டே கொண்டுபோனதும் துள்ளி மறைந்துவிடும். ஃபைலோட்ரேட்டா ஸ்ட்ரியோலாட்டா என்பது அறிவியல் பெயர்.

எந்தச் செடியில் இருக்கிறது என்பதே பாதி அடையாளம். இதற்குக் கடுகுக் குடும்பம்தான் சாப்பாடு: சாவி, கைலான், முட்டைக்கோஸ், முள்ளங்கி. கடுகுக்குக் காரம் தரும் வேதிப்பொருள் பல பூச்சிகளை விரட்டும்; இதையோ வரவழைக்கும். அதை உடம்பில் சேர்த்துவைத்துத் தன் தற்காப்புக்கே பயன்படுத்துகிறது என்று 2014-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பக்கத்துக் கத்தரியில் இலையின் பச்சை சுரண்டப்பட்டிருந்தால் ஆள் வேறு. அது இருபத்தெட்டுப் புள்ளி வண்டு. மங்கலான முதுகு, துள்ளத் தெரியாது. அதற்கு உறவான பளபளப்புப் பொறிவண்டோ அசுவினியைத் தின்று நமக்கு உதவுகிறது. கண்மூடி அடிக்கும் மருந்தில் முதலில் சாவது அதுதான் என்பது என் வருத்தம்.

தெள்ளு வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்கிறது. இலைமேல் அடிக்கும் மருந்து அங்கே எட்டாது. சாவியோ ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும். மருந்தின் வீரியம் இறங்க நாள் ஏது?

என் அம்மா எஸ்டேட்டில் மருந்தடித்தவர். முதுகில் டாங்கி, கையில் உறை கிடையாது. அவர் நகங்கள் நிறம் மாறி உரிந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அத்தகைய மருந்தான பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியாவில் முழுத் தடை வந்தது 2020-இல்தான். அவ்வளவு பட்டுவிட்டு வந்த நாம், பேரப்பிள்ளைகள் தின்னும் கீரையில் ஆராயாமல் விஷம் தெளிக்கலாமா?

சாவி அறுத்த பாத்தியில் உடனே மறுபடி சாவி போடாதீர்கள், பயற்றங்காய் போடுங்கள். நாற்றுக்கு மெல்லிய வலை கட்டுங்கள். ஆனால் பழைய சாவிப் பாத்தியில் வலை கட்டிப் பயனில்லை, வண்டு உள்ளிருந்தே கிளம்பும். தமிழ்ப்பள்ளித் தோட்டங்களில் ஆசிரியர்கள் பிள்ளைகள் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுக்கட்டும். எந்த இலையில் எந்த வண்டு என்று அவர்களே எழுதிவைக்கட்டும்.