"போர்டே மாத்தணும் சார்!"

நம் ஊர்க் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது. மிக்ஸியோ மோட்டாரோ, எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் "இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வர்றதில்ல சார், புதுசு எடுத்துடுங்க" என்பார்கள். கம்ப்யூட்டர் கடையிலும் அதே பாட்டுதான், சுருதி மட்டும் கொஞ்சம் தூக்கல்.

2025 மே விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். ஒன்பதாவது முடித்தவன். என்னிடம் இருப்பது 2018-ல் வாங்கிய கம்ப்யூட்டர். ஐ5 8400 பிராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். எனக்குத் தட்டச்சு செய்யவும் பென்ஷன் கணக்குப் பார்க்கவும் அது போதும். பையனுக்கோ ஃபோர்சா ஹொரைசான் 5 வேண்டும். மெக்சிகோ நாட்டுச் சாலைகளில் கார் ஓட்டுகிற விளையாட்டு. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அது நகராது. வந்த முதல் வாரம் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். என்ன கேட்டாலும் "ம்" மட்டும்தான்.

சி.பி.யூ-வை ஆட்டோவில் வைத்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த தம்பி கவரைக்கூடக் கழற்றவில்லை.

"போர்டே மாத்தணும் சார். இதுல விண்டோஸ் 11 ஏறாது. அக்டோபரோட 10-க்கு சப்போர்ட் முடியுது. மொத்தம் 78,000 ஆகும். மாசம் 6,800 கட்டினா போதும், ஒரு வருஷம்."

"பழசை என்னப்பா பண்றது?"

"வேஸ்ட்டு சார். நீங்க சொல்றதால 4,000-க்கு எடுத்துக்கறேன்."

வேஸ்ட்டுக்கு யாராவது நாலாயிரம் தருவார்களா? சந்தேகம் எனக்கு அங்கேதான் வந்தது. மகனுக்குப் போன் போட்டால், "இ.எம்.ஐ-ல போட்டுடலாம்ப்பா, எதுக்கு டென்ஷன்?" என்கிறான். இந்தத் தலைமுறைக்கு மாதத் தவணை என்றால் அது செலவிலேயே சேர்த்தி இல்லை!

கடைத் தம்பி சொன்னதில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்பது மட்டும் உண்மை; 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸரும், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஐ5 8400 எட்டாம் தலைமுறைதான். டி.பி.எம்-மும் பி.டி.டி என்ற பெயரில் உள்ளேயே இருக்கிறது, ஆனால் என் போர்டில் அணைத்து வைத்திருந்தார்கள். டெலிட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்தேன். செலவு பூஜ்யம். இது அந்தத் தம்பிக்குத் தெரியாதென்றால் அவர் கடையில் உட்காரக் கூடாது. தெரிந்தே சொன்னார் என்றால் அதைவிட மோசம்.

இன்னொன்று. அவர் எழுதித் தந்த விலைப்பட்டியலில் வினாடிக்கு 144 பிரேம் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு இருந்தது. என் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 60 படத்துக்கு மேல் அது காட்டாது. மீதியை யார் பார்ப்பது?

மின்வாரியத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். அதனால் முதலில் எஸ்.எம்.பி.எஸ்-ஸைக் கழற்றி லேபிளைப் படித்தேன். மேலே 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் லைனுக்கு 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 168 வாட்ஸ்தான் வருகிறது! பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் லைனைத்தான். பிராசஸருக்கு 65, கார்டுக்கு 75 என்று வைத்தாலே 140 போய்விடும். மணிக்கணக்கில் ஓடினால் அந்த டப்பா தாங்காது, வெடித்தால் போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும். 2018-ல் இதை என் தலையில் கட்டியதும் ஒரு கடைதான். மாற்ற வேண்டியது இதை. இதைப் பற்றி அந்தத் தம்பி வாயே திறக்கவில்லை.

80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை போட்ட 450 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ் 3,200 ரூபாய். 500 ஜிபி எஸ்.எஸ்.டி 3,100. இன்னொரு 8 ஜிபி ராம் 1,700. ராமை ஒற்றையாகப் போடாமல் ஜோடியாகப் போட்டால் வேகம் கூடும். (இது மே மாத விலை. அதன்பிறகு ஏ.ஐ டேட்டா சென்டர்களின் தயவில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது.) சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஜி.டி.எக்ஸ் 1650 கார்டு, 4 ஜிபி, செகண்ட் ஹேண்டில் 6,500-க்குக் கிடைத்தது. இதில் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் ஒயர் தேவையில்லை. ஸ்லாட்டில் வருகிற 75 வாட்ஸே போதும். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதி விற்கிற திருட்டுத்தனமும் உண்டு. ஜி.பி.யூ-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் அநேகமாகக் குட்டு வெளிப்படும். அதையும் பார்த்து, அரைமணி நேரம் என் கண்ணெதிரே ஓடவிட்ட பிறகுதான் பணத்தை எடுத்தேன்.

ஆக 14,500. எல்லா விளையாட்டும் உச்சபட்ச அழகில் ஓடுமா என்றால் ஓடாது. ஃபோர்சாவை மீடியத்தில் வைத்து ஓட்டுகிறான், நன்றாகவே ஓடுகிறது.

வாக்கிங் வரும் நண்பர் ஒருவர், "படிக்கிற பையனைக் கெடுக்க 14,500 ரூபாயா?" என்று கேட்டார். டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து இரண்டு ஆட்டமும் பார்த்துவிட்டு, சுவரேறிக் குதித்து வீட்டுக்குப் போனவர் கேட்கிற கேள்வியா இது? முன்பெல்லாம் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் போய் காபி கலந்து வருவேன். எஸ்.எஸ்.டி போட்ட பிறகு காபிக்கு நேரமில்லை. அதுவும் இந்த 14,500-க்குள்தான்.

மாட்டியது பேரன்தான். நான் டார்ச் அடித்தேன். ஃபேனில் ஏழு வருடத் தூசி. என் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினான். ஒரு திருகு போர்டுக்கு அடியில் விழுந்து, அதைத் தேடவே முக்கால் மணி நேரம். "ம்" மட்டும் சொன்ன பையன் அன்றைக்கு, ஆம்பியர் என்றால் என்ன, நீங்கள் கம்பத்தில் ஏறியிருக்கிறீர்களா, ஷாக் அடித்திருக்கிறதா என்று துளைத்துவிட்டான். ராத்திரி சாப்பிட உட்காரும்போது மணி பத்து. 78,000 கொடுத்திருந்தால் எல்லாம் மாட்டியே வந்திருக்கும். அவன் மூலையிலேயே இருந்திருப்பான்.

போன வாரம் மார்க்கெட்டில் அந்தக் கடைத் தம்பி என்னைப் பார்த்துவிட்டார். "சார், அந்தப் பழைய சி.பி.யூ இன்னும் இருக்கா? 5,000 தர்றேன்" என்றார்.

பேரனைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.