பழியை உப்பின் தலையில் கட்டாதீர்கள்

தைராய்டு பெருகிவிட்டது, காரணம் அயோடின் உப்பு, உடனே இந்துப்புக்கு மாறுங்கள் என்ற பிரச்சாரம் கைப்பேசிக் காணொளிகளைத் தாண்டி மளிகைக் கடை அலமாரிவரை வந்துவிட்டது. பாக்கெட் உப்பைவிடப் பல மடங்கு விலையில் இளஞ்சிவப்பு இந்துப்பை விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர அயோடின் வேண்டும். கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளிலும் இந்தப் பேச்சு நுழைகிறது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இவர்கள் கையில் இருப்பது ஒரே ஒரு உண்மை. அயோடின் குறைவாக இருந்த ஊரில் அதைக் கூட்டினால், சிலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தி தைராய்டு சுரப்பியையே தாக்கத் தொடங்கும். இதைப் பொறுமையாக அளந்து பார்த்த நாடு டென்மார்க். 2000-இல் வீட்டு உப்பிலும் ரொட்டிக்கான உப்பிலும் கிலோவுக்கு 13 மில்லிகிராம் அயோடின் சேர்ப்பதை அங்கே கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பே தொடங்கி, பின்பும் விடாமல் மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். தைராய்டு ஆன்டிபாடி உள்ளவர்கள் கூடினார்கள். தைராய்டு குறைசுரப்பும் கூடியது. இத்தனையும் தெரிந்த பிறகு டென்மார்க் என்ன செய்தது? 2019-இல் அளவை 20 மில்லிகிராமாக உயர்த்தியது. கழுத்துக்கழலையும் அயோடின் பற்றாக்குறையும் அதைவிடப் பெரிய கேடு என்று அந்த நாட்டுக்குத் தெரிந்திருந்தது. கடைக்கு வரும் உப்பில் நம் சட்டம் கேட்பதோ குறைந்தது 15 மில்லிகிராம்தான்.

நம் கதையையும் பாருங்கள். 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் கொண்ட உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு: 61.9 சதவீதம். தூத்துக்குடி உப்பளங்களை வைத்துக்கொண்டு இந்த நிலை! உப்புதான் குற்றவாளி என்றால் தைராய்டு மாத்திரை இங்கேதான் மிகக் குறைவாக விற்க வேண்டும். எந்த மருந்துக் கடையிலாவது போய்க் கேளுங்கள்.

தைராய்டைக் குறைசுரப்புக்குத் தள்ளும் ஹாஷிமோட்டோவும், மிகைசுரப்புக்குத் தள்ளும் கிரேவ்ஸும் தன்னுடல் தாக்குநோய்கள். டென்மார்க்கின் இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், கிரேவ்ஸ் நோயில் மரபின் பங்கு ஏறத்தாழ 79 சதவீதம் என்று கணித்தார்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் கவனம் வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும் அப்படியே. இந்நோய்கள் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். புகைப்பவர்களுக்கு கிரேவ்ஸ் வாய்ப்பு கூடும். கண் பிதுங்கும் சிக்கல் இன்னும் மோசமாகும். சிகரெட்டைப் பற்றி வாய் திறக்காமல் சாம்பாரில் போடும் உப்பைத் திட்டுபவர்களோடு விவாதிக்க ஒன்றுமில்லை.

உண்மையான ஆபத்துக் காலம் பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் டிபிஓ என்ற தைராய்டு ஆன்டிபாடி இருக்கும் பெண்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை, பிள்ளை பிறந்தபின் தைராய்டு அழற்சிக்கு ஆளாகிறார்கள். முதலில் படபடப்பு, பிறகு அசதி, மனச்சோர்வு, முடி உதிர்வு. பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று மாமியார் சொல்வார். பல நேரம் மருத்துவரும் அதையே சொல்வார். ஆறேழு மாதம் அந்தப் பெண் தன்னைத்தானே நொந்துகொண்டு கிடப்பாள். பலருக்கு அது தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு நிரந்தரக் குறைசுரப்பாக நின்றுவிடும்.

மத்திய அரசின் 2014 வழிகாட்டுதலோ, ஆபத்துக் கூறுகள் உள்ள கர்ப்பிணிகளுக்கு மட்டும் தைராய்டு பரிசோதனை செய்தால் போதும் என்கிறது. குடும்பத்தில் யாருக்குத் தைராய்டு இருந்தது என்பதே தெரியாத பெண்ணை எந்தக் கூற்றை வைத்துச் சல்லடை போடுவார்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் முதல் ரத்தப் பரிசோதனையிலேயே தைராய்டு செயல்பாட்டைக் காட்டும் டிஎஸ்ஹெச், டிபிஓ ஆன்டிபாடி இரண்டையும் சேருங்கள். ஆன்டிபாடி இருப்பவர்களைப் பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் திரும்ப அழையுங்கள். மூன்றாம் மாதத்தையொட்டிக் குழந்தைக்குத் தடுப்பூசி போட எப்படியும் வரத்தானே செய்கிறார்கள். கூடவே, அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்கக் கூடாது என்று ஏற்கெனவே இருக்கும் விதியை, இளஞ்சிவப்பு பாக்கெட்டுகளிலிருந்து தொடங்கி, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இந்த மாதமே அமல்படுத்தட்டும்.