மண்ணில் நிற்பதும் மழையில் ஓடுவதும்

கேள்வி: எங்கள் அரை ஏக்கர் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட், பீட்ரூட் போட்டோம். யூரியா, பொட்டாஷ் கொடுத்தும் பீட்ரூட் கோலிக்குண்டுக்கு மேல் பருக்கவில்லை. மண் பரிசோதனையில் பி.எச். 4.6 என்று வந்தது. டோலமைட் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். உரத்துக்கே கேட்காத மண் சுண்ணாம்புக்குக் கேட்குமா? அயனி என்று ஏதோ சொன்னார்களே, அது என்ன?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கேட்கும். அந்த அயனியைப் புரிந்துகொண்டால் ஏன் என்பதும் புரிந்துவிடும்.

பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியமும் குளோரினும் சேர்ந்த உப்பு. இதில் பொட்டாசியம் தன் எலக்ட்ரான் ஒன்றைக் குளோரினிடம் விட்டிருக்கிறது. எலக்ட்ரானுக்கு எதிர்மின்சுமை. அதை இழந்த பொட்டாசியம் நேர்மின் அயனி. பெற்றுக்கொண்டது எதிர்மின் அயனி. தண்ணீரில் கரைந்ததும் இரண்டும் தனித்தனியே திரியும்.

களிமண் துகளுக்கும் மக்குக்கும் பெரும்பாலும் எதிர்மின்சுமை. எதிரெதிர் சுமைகள் ஒன்றையொன்று இழுக்கும் என்பதால் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், அம்மோனியம் எல்லாம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். வேர் அவற்றை மெல்ல வாங்கிக்கொள்ளும். நைட்ரேட் எதிர்மின் அயனி. அதை மண் பிடிக்காது. யூரியாவுக்கோ சுமையே இல்லை. மண்ணில் அது முதலில் அம்மோனியமாகி, பிறகு நைட்ரேட்டாக மாறும். ஐப்பசி மழைக்கு முந்தின நாள் சரிவில் தூவிய யூரியா உங்கள் பீட்ரூட்டுக்குப் போயிருக்காது, ஓடைக்குத்தான் போயிருக்கும். பிரித்துப் பிரித்துக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

இனி 4.6 விஷயம். நீலகிரியில் காலங்காலமாகப் பெய்த மழை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அரித்துப் போயிருக்கிறது. அந்த இடங்களில் ஹைட்ரஜன், அலுமினிய அயனிகள் உட்கார்ந்துவிட்டன. அலுமினியத்துக்கு நேர்மின்சுமை மூன்று. லேசில் இடம் விடாது. தேயிலைக்கு ஆண்டாண்டாகப் போட்ட அம்மோனிய உரங்களும் யூரியாவும் புளிப்பைக் கூட்டியிருக்கும். பி.எச். 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். தேயிலை அதை முற்றிய இலைகளில் ஒதுக்கி வைத்துப் பிழைத்துக்கொள்ளும். பீட்ரூட்டுக்கு அந்த வித்தை தெரியாது. ஊட்டிப் பக்கம் வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதும் இதே அலுமினியத்தால்தான். சுண்ணாம்பு மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும்.

டோலமைட்டில் கால்சியம், மக்னீசியம் இரண்டுமே கார்பனேட்டாக இருக்கின்றன. கார்பனேட் ஹைட்ரஜன் அயனியைத் தண்ணீராக்கிவிடும். அலுமினியம் கரையாத பொருளாகப் படிந்துவிடும். காலியான இடத்தில் கால்சியமும் மக்னீசியமும் ஏறும். இன்னொரு லாபமும் உண்டு. நம் மலைமண்ணில் புளிப்பு குறைந்தால் எதிர்மின்சுமையே கூடும். அதாவது, அடுத்த முறை போடும் பொட்டாஷ் முன்பைவிட நன்றாக நிற்கும்.

அளவைக் கண்மதிப்பில் போடாதீர்கள். அறிக்கையில் சுண்ணாம்புத் தேவை குறிப்பிடவில்லை என்றால் பரிசோதித்த இடத்திலேயே கேளுங்கள். விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தூவி, கொத்திக் கலந்துவிட வேண்டும். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். அடுத்து உருளைக்கிழங்கு போடும் எண்ணம் இருந்தால் சுண்ணாம்பைக் குறைவாகவே வையுங்கள். மிஞ்சினால் கிழங்கில் சொறி வரும். பக்கத்தில் தேயிலை மீதம் இருந்தால் அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரைதான் பிடிக்கும். அந்த மண்ணைத் தனியாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.