எழுத்துப் பரீட்சையும் எமது கடமையும்

மோட்டார் வண்டியின் இலக்கத் தகட்டில் இருந்த ஓர் எழுத்து இந்நாட்டின் வரலாற்றையே குலுக்கியதுண்டு. புதிதாகப் பதிவாகும் வண்டிகள் யாவும் சிங்கள ஸ்ரீ எழுத்தைத் தாங்க வேண்டும் என்று 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் விதித்தது. தமிழ்ப் பகுதிகளில் மக்கள் தமிழ் ஸ்ரீயை எழுதி அவ்விதியை மறுத்தனர். அடுத்த ஆண்டு, சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ் வண்டிகள் வடக்கே அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு முற்றியது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தமும் கைவிடப்பட்டது. 1961ஆம் ஆண்டில் மொழியுரிமை கோரி நடந்த சத்தியாக்கிரகத்தில் மன்னாரிலும் எம்மவர் கச்சேரி வாயிலில் அமர்ந்தனர்.

பழங்கதை பேசுவதற்காக இவற்றை நாம் எடுத்துரைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழே என்று எழுதி வைத்தது. அரசியலமைப்பில் எழுதப்பட்ட மொழியுரிமையைச் சாதாரண மனிதன் தன் கையால் தொட்டுப் பார்க்கும் இடங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சை. நாற்பது வினாக்கள், ஒரு மணித்தியாலம், தமிழிலே வாசித்துத் தமிழிலே விளங்கிச் சரியான விடையைத் தெரிந்தெடுக்கலாம். இதிற் சித்தியடைந்தவர் பயிலுனர் அனுமதிப்பத்திரம் பெற்று, மூன்று மாதங்களேனும் பழகிய பின்னர் செயன்முறைப் பரீட்சைக்குத் தோற்றலாம்.

இந்த வாய்ப்பை நாம் எவ்வாறு பயன்படுத்துகின்றோம்? வருந்தத்தக்க இரண்டு வழக்கங்கள் எம்மிடையே வேரூன்றி வருகின்றன. ஒன்று, பரீட்சைக்கு அஞ்சி அனுமதிப்பத்திரம் இன்றியே ஓட்டித் திரிவது. மற்றது, பழைய வினாத்தாள்களைத் தேடிப் பிடித்து, எந்த வினாவுக்கு எத்தனையாவது விடை என்று கிளிப்பிள்ளை போல் ஒப்புவித்துச் சித்தியடைவது. முன்னவர் சட்டத்தை ஏமாற்றுகிறார். பின்னவர் தம்மையே ஏமாற்றிக் கொள்கிறார்.

அனுமதிப்பத்திரம் இன்றி ஓட்டிப் பிடிபட்டு எம்மிடம் வரும் இளைஞரைக் கேட்டால், “ஓட்ட நன்றாகத் தெரியும் ஐயா, எழுதத்தான் பயம்” என்பர். பல்லாயிரம் ரூபாய் தண்டத்தோடு இது முடிவதில்லை. செல்லுபடியான அனுமதிப்பத்திரம் உடையவரே ஓட்ட வேண்டும் என்பது காப்புறுதி ஒப்பந்தங்களில் வழமையாக உள்ள நிபந்தனை. விபத்து ஒன்று நேர்ந்தால் அந்த ஒரு வாசகம் ஒரு குடும்பத்தின் வயலையும் வள்ளத்தையும் விழுங்கிவிடும். கமக்காரரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நெல் மூடை ஏற்றித் தெருவில் இறங்கும் லான்ட்மாஸ்டருக்கும் உழவு இயந்திரத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டம் தனித்தனி வகுப்பு வகுத்திருக்கிறது. வயலில் ஓட்டிய பழக்கம் தெருவில் ஓட்டும் உரிமை ஆகாது.

“முப்பது வருடம் லொறி ஓட்டிய என் தகப்பன் எந்தப் புத்தகம் படித்தார்?” என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆனால் அத்தகப்பன் ஓட்டிய தெரு இன்று இல்லை. யுத்த காலத்தில் 1990ஆம் ஆண்டு தகர்க்கப்பட்ட மன்னார்ப் பாலத்துக்குப் பதிலாக 2010ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் பூநகரி வழியாக யாழ்ப்பாணத்துக்கான கரையோரப் பாதை உயிர் பெற்றது. குண்டும் குழியுமாய் வேகத்தைத் தடுத்த தெருக்கள் இன்று வழுவழுப்பாய் வேகத்தை அழைக்கின்றன. பேசாலையிலிருந்து ஐஸ் இட்ட மீனை ஏற்றிய வண்டி கொழும்புச் சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேர விரைகிறது. உயிலங்குளத்திலும் முருங்கனிலும் அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரங்கள் விளக்கின்றி ஊர்கின்றன. மடுத் திருவிழாவுக்கும் திருக்கேதீச்சரச் சிவராத்திரிக்கும் ஆயிரமாயிரம் அடியார் வருகின்றனர். மன்னார்ப் பட்டினத்தின் கட்டாக்காலிக் கழுதைகளோ தெருவைத் தம் படுக்கையறையாகக் கொண்டவை.

இத்தகைய தெருவிலே புத்தகத்தின் ஒரு வரி என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 19 மீற்றர் கடந்துவிடும். இருளில் கழுதையைக் கண்டு, கால் பிரேக்கில் பதியுமுன்னரே அத்தனை தூரம் போய்விடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். இதை விளங்கிக்கொண்டவன் இரவில் வேகத்தைத் தானே குறைப்பான். விடையின் இலக்கத்தை மட்டும் மனனம் செய்தவன் மண்டபத்தை விட்டு வெளியேறும்போதே அதை மறந்து விடுவான்.

இன்னோர் உண்மையையும் மன்னார் மக்கள் மறக்கலாகாது. 1990ஆம் ஆண்டில் யுத்தத்தால் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் மீண்டும் ஓடியது. இருபத்தைந்து ஆண்டுகள்! அக்காலத்தில் இத்தீவிலே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, தன் ஊர்த் தெருவில் புகையிரதக் கடவை என்பதன் பொருளை அனுபவத்தால் அறியவில்லை. தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்க அறிவு அங்கே அறுந்துவிட்டது. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தலைமன்னார்ப் பியர் பகுதியிலுள்ள கடவையில் பஸ் ஒன்றும் புகையிரதமும் மோதிக்கொண்டன. பாடசாலை மாணவன் ஒருவன் உயிரிழந்தான். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவ்விபத்தின் பொறுப்பு எவருடையது என்று விசாரிப்பது எமது நோக்கமன்று. ஆனால் கடவையின் முன் நின்று, இருபுறமும் நோக்கி, செவிமடுத்து, பின்னரே செல்லுதல் எத்துணை அவசியம் என்பதை இதனினும் கொடிய பாடம் வந்துதான் நாம் கற்க வேண்டுமா? பழக்கத்தால் வராத அறிவை ஏட்டினாலே ஊட்டுவதன்றி வேறு வழி யாது?

ஆகவே படிக்கும் முறையைப் பற்றிச் சில சொல்வோம். முதலில் குறிகளின் இலக்கணத்தைக் கற்க வேண்டும். மஞ்சள் நிறச் சாய்சதுரம் எச்சரிக்கிறது. சிவப்பு வளையம் தடுக்கிறது. நீல வட்டம் கட்டளையிடுகிறது. இந்த மூன்றும் மனத்தில் பதிந்தால், முன்பின் காணாத குறியையும் பாதி வாசித்துவிடலாம். படலை உள்ள புகையிரதக் கடவைக்கு ஒரு குறி. படலை இல்லாத கடவைக்கு வேறு குறி. எம் மாவட்டத்தார் இந்த வேறுபாட்டைத் தூக்கத்திலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது சொற்கள். சட்டத்தின் சொல் ஒன்று மாறினால் பொருளே மாறிவிடும். வண்டியை ‘நிறுத்தத் தடை’ என்பது வேறு. ‘தரிக்கத் தடை’ என்பது வேறு. தரிக்கத் தடையுள்ள இடத்தில் ஆளை இறக்கிவிட்டு உடனே செல்லலாம். நிறுத்தத் தடையுள்ள இடத்தில் அதுவும் கூடாது. ‘முந்திச் செல்லுதல்’ என்பது ஓட்டுபவரின் செயல். ‘முன்னுரிமை’ என்பது சட்டம் வழங்கும் உரித்து. இவற்றை ஒருவர் தனியே இருந்து நெட்டுருப் போடுவதிலும், நால்வர் கூடி உதாரணம் சொல்லி வாதாடிக் கற்பது மேல். மாலையில் பட்டினத்துச் சந்திக்குப் போய், ஒவ்வொரு குறியின் முன்னும் நின்று, இது என்ன சொல்கிறது, ஏன் இங்கே நாட்டப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் தெருவே பாடப்புத்தகமாகிவிடும்.

எம்மக்களின் கடமையைக் கூறிய நாம் அரசாங்கத்தின் கடமையைக் கூறாது விடோம். இந்நாட்டின் பொது அறிவித்தற் பலகைகளில் தமிழ் படும் பாட்டை யாவரும் அறிவர். கடையின் பெயர்ப்பலகையில் நேரும் எழுத்துப் பிழை நகைப்புக்கு இடமாகும். வினாத்தாளில் நேரும் மொழிபெயர்ப்புப் பிழை தகுதியுடையவனைத் தோற்கடிக்கும். ஆகவே வினாக்கள் தமிழறிந்தோரால் தமிழிலேயே சீர்தூக்கப்படல் வேண்டும். எழுத்தை வாசிக்கத் தடுமாறும் முதிய கடற்றொழிலாளரும் கமக்காரரும் வினாவைச் செவியாற் கேட்டு விடையளிக்கும் வசதி எல்லா மாவட்டங்களிலும் ஒழுங்காகக் கிடைத்தல் வேண்டும். மொழியுரிமை என்பது அரசியலமைப்பு ஏட்டில் இருந்தாற் போதாது. பரீட்சை மேசை வரை வர வேண்டும்.

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்கவும் நாம் சொல்லவில்லை. எம் கிராமங்களில் வாசிகசாலைகள் இருக்கின்றன. சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் இருக்கின்றன. வாரத்தில் இரு மாலைகள் ஒரு சட்டத்தரணியோ ஆசிரியரோ ஓய்வுபெற்ற சாரதியோ முன்னின்று நடத்தினால், இரண்டு மாதத்தில் வகுப்பு முடிந்துவிடும். ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் மோட்டார் சைக்கிளில் செல்லும் எம் சகோதரிகளையும் அழைக்க வேண்டும். படித்த உத்தியோகத்தர்கள் தம் பிள்ளைகளுக்கு மட்டும் வழிகாட்டிவிட்டு அயலவனின் மகனை மறந்துவிடலாகாது. தெருவிலே இருவரும் எதிரெதிரே வருவர். ஒருவனின் அறியாமைக்கு மற்றவனும் விலை கொடுப்பான்.

பெரும்போக அறுவடை முடிந்து கையில் சற்று ஓய்வு கிடைக்கும் காலம் இதற்கு ஏற்றது. கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால்களைச் சிரமதானமாகத் துப்புரவு செய்யக் கூடும் கைகள் இதற்கும் கூடட்டும். நானாட்டானிலும் வங்காலையிலும், எருக்கலம்பிட்டியிலும் சிலாவத்துறையிலும் ஊருக்கு ஒரு வகுப்பேனும் தொடங்குக. அனுமதிப்பத்திரம் இன்றி ஓட்டும் பிள்ளை வீட்டிலிருந்தால், முதல் வகுப்புக்கு அவனைக் கையோடு அழைத்து வருக.